ஞாயிற்றுக்கிழமை மூச்சு

நாளை முதல் நீங்கள் வார்ப்புத் தளத்தில் சூப்பர்வைசர்களாக இறங்கப் போகிறீர்கள். கலவை விகிதம், அச்சின் சூடு, ஃபோமின் அடர்த்தி எல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அமுக்கினால் ஏன் எழும்புகிறது, எப்போது எழும்பாமல் தட்டையாகவே கிடந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோது, ஆதிமூலத்தையும் அவர் மனைவி அமிர்தவல்லியையும் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார்கள்.

எழுபதுகளின் கடைசியில், ரெட்டியார்பாளையம் தாண்டி விழுப்புரம் சாலையில் நாங்கள் வேலை செய்த தொழிற்சாலை இருந்தது. ஸ்கூட்டர் சீட், பஸ் சீட், தலையணை, இவைதான் சரக்கு. நான் அங்கே தளத்தின் சூப்பர்வைசர். இப்போது எந்திரமே கலந்து எந்திரமே ஊற்றுகிறது. அன்றைக்கு எல்லாம் கைவேலை. இரண்டு திரவங்களை வாளியில் கலக்கி, பொங்கத் தொடங்குவதற்குள் அச்சில் ஊற்றி மூடிவிட வேண்டும். அந்த இரண்டில் ஒன்றின் பெயர் டி.டி.ஐ. நாங்கள் அதைக் கார மருந்து என்போம். பீப்பாயைத் திறந்தால் கண் எரியும், தொண்டை கமறும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அதாவது, பழகிவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

ஆதிமூலம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்து எங்களிடம் சேர்ந்தார். நல்ல உயரம். வாளியைத் தூக்கி ஊற்றினால் அச்சின் மூலை வரைக்கும் சமமாகப் போய்ச் சேரும். அவர் ஊற்றிய சீட்டில் குழி விழுவது அரிது. அமிர்தவல்லியும் எங்களிடம்தான் வேலை பார்த்தார். அச்சிலிருந்து எடுத்த சீட்டின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ஃபோமைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சீராக்கும் பெண்கள் பிரிவில் அவருக்கு வேலை. எல்லோருக்கும் அவர் அமிர்தம். குழந்தைகள் இல்லை. காலையில் ஆதிமூலம் சைக்கிளை மிதிக்க, அமிர்தம் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவார். மதியம் காம்பவுண்டு ஓரத்துப் புங்கமரத்தடியில் ஒரே தூக்கிலிருந்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். சாப்பிடும்போது சண்டை போடாத நாள் கிடையாது.

"என்னாடி, கொழம்புல உப்பே இல்ல?"

"எல்லாம் இருக்குது. அந்த மருந்த மோந்து மோந்து உன் நாக்கு செத்துப் போச்சி."

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆதிமூலத்துக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் வறட்டு இருமல். பிறகு சாயங்கால நேரத்தில் நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல ஒரு சத்தம். கம்பெனிக்கு வந்து பார்க்கும் டாக்டர் அவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். முன்னே எங்கே வேலை என்று விசாரித்தார். மில் என்றதும், பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது, பழைய வியாதி, மெதுவாகத்தான் போகும் என்று சொல்லி மாத்திரை எழுதினார். அவர் கவனமில்லாத மனிதர் அல்ல. மில்லில் வேலை செய்த பலர் அப்படி இருமுவதை அவர் பார்த்திருந்தார். அதனால் எங்கள் எல்லோருக்கும் அந்தக் காரணம் பொருத்தமாகப் பட்டது. மேனேஜருக்கும் அப்படித்தான்.

மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை. இளமையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். தொழிலாளர்கள் அவரைப் பழைய வழக்கப்படி முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். கண்டிப்பானவர். ஆனால் ஒருவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் மறுப்பார்.

ஒருநாள் அமிர்தம் என்னிடம் வந்து நின்றார். கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"டாக்டரு மில்லு தூசின்றாரு. மில்ல உட்டு வந்து எவ்ளோ நாளாச்சி. அப்பல்லாம் இப்பிடி இல்ல சார். ஞாயித்துக்கெழம பாத்தா நல்லா மூச்சு உடறாரு. கடைத்தெருவுக்குப் போறாரு, கோழி அடிக்கிறாரு. திங்கக்கெழம வந்தா ஒக்காந்துகினேதான் தூங்கறாரு. சனிக்கெழம வரைக்கும் அப்பிடித்தான். தூசி நெஞ்சுக்குள்ள இருந்தா ஞாயித்துக்கெழம மட்டும் அது எங்க சார் போவுது?"

அடுத்து வந்த பொங்கல் விடுமுறையில் கவனித்துப் பாரும்மா என்று மட்டும் சொன்னேன். விடுமுறை முழுக்க அவர் இருமவே இல்லை. திரும்பி வந்த அன்று சாயங்காலமே, வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. நெற்றியெல்லாம் வேர்வை. அந்த முகத்தைப் பார்த்ததும், இவரை இனி ஒருநாள்கூட ஊற்றும் இடத்தில் நிறுத்தக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அப்போது பெரிய பஸ் சீட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முசியே ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் போனா ஊத்தறதுக்கு யாரு? டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது முசியே. ஆனா லீவுல நல்லா இருக்கான், வேலைக்கு வந்தா சாவறான். அது தெரியுது."

அவர் ஆர்டர் காகிதத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு, பேக்கிங்குக்கு அனுப்பு என்றார்.

பேக்கிங்கிலும் ஆகவில்லை. கூரை ஒன்றுதானே. வாசலில் காவலுக்குப் போட்டுப் பார்த்தோம். காற்று அந்தப் பக்கம் திரும்பும் நாட்களில் அங்கேயும் இழுப்பு வந்தது. ஒரு தடவை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டால், அப்புறம் அணுவளவு போதும் என்பதை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நூறு பேர் நாள் முழுக்க மோந்தும் ஒன்றும் ஆகாத இடத்தில் ஒருவருக்கு மட்டும் மூச்சு நின்றுபோகும். உங்களில் யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. கடைசியில் ஆதிமூலமே என்னிடம் வந்து வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார்.

"மில்லுல தூசி கண்ணுக்குத் தெரியும் சார். தலையில, மீசையில எல்லாம் வெள்ளையா ஒட்டிக்கினு இருக்கும். தட்டி உட்டுக்குவோம். இங்க ஒண்ணுமே தெரியலயே. எதத் தட்டறது?"

ஊருக்குள் உப்பளம் என்கிற பகுதியில் அவருடைய அக்கா வீடு இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஓர் அரிசிக் கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. இனி சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியானோம்.

சரியாகவில்லை. பகலில் கடையில் நன்றாக இருப்பார். சாயங்காலம் அமிர்தம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து அரைமணி நேரத்தில் இழுப்பு தொடங்கிவிடும். இருவரும் முதலில் சமையல் புகை என்று நினைத்தார்கள். அடுப்பை வெளியே மாற்றினார்கள். பிறகு ஒருநாள் அமிர்தம் தன் புடவைத் தலைப்பை மோந்து பார்த்திருக்கிறார். புதிதாக அச்சிலிருந்து எடுத்த ஃபோமை நாள் முழுக்க மடியில் வைத்து வெட்டுகிறவர் அவர். தலைமுடியிலும் துணியிலும் அது அவரோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் வேலை முடிந்ததும் பின்பக்கக் குழாயடியில், மாசிப் பனியிலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். ஒதுங்கிடம் எதுவும் அப்போது கிடையாது. கட்டிய புடவையோடு நனைந்து, இன்னொரு பெண் துணியைப் பிடித்து மறைக்க, மாற்றிக்கொண்டு போவார். சில நாள் அது போதுமானதாக இருந்தது. சில நாள் இல்லை. கடைசியில் ஆதிமூலம் அக்கா வீட்டோடு போய்த் தங்கிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அமிர்தம் வீட்டுக்குப் போய்ச் சீயக்காய் தேய்த்துக் குளித்து, பெட்டியில் தனியாக வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே. திங்கட்கிழமை காலையில் நேராக வேலைக்கு.

"கல்யாணம் பண்ணி இத்தன வருஷம் கழிச்சி இப்பதான் என்ன பொண்ணு பாக்க வர்ற மாதிரி பாக்கறாரு சார்" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

நீ வேலையை விட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன். கடையில் அவர் வேலை நிலைக்கட்டும், அதுவரைக்கும்தான் என்றார். கோடை தொடங்கிய பிறகு ஒரு காலை, வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார்: கடை முதலாளி அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், மாதக் கடைசியோடு நான் நின்றுவிடுகிறேன். அவ்வளவு மலர்ந்த முகத்தை அதற்கு முன் நான் அவரிடம் பார்த்ததில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் அது நடந்தது.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். லாரியிலிருந்து பலகை வழியாகப் பீப்பாய்களை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று கைதவறி வேகமாக வந்து தூணில் மோதிப் பிளந்தது. கார மருந்து அவ்வளவும் தரையில் ஓடியது. நல்ல வெயில். தகரக் கூரையின் கீழ் அந்தச் சூட்டில் எவ்வளவு சீக்கிரம் ஆவி எழும் என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் வாசலைப் பார்த்து ஓடத் தொடங்கினார்கள். நான் வெளியே தெரிந்த தென்னை ஓலைகளைப் பார்த்தேன். கடல்காற்று ஏறிவிட்டிருந்தது. ஓலைகள் எல்லாம் வாசல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஆவியும் அந்தப் பக்கம்தான் போகும். "வாசப் பக்கம் போவாதீங்க, பின்னால போங்க" என்று கத்தினேன். பின்மதிலில் ஒரு சின்னக் கதவு. அதைத் தாண்டினால் வேர்க்கடலைக் கொல்லை. பிளந்த பீப்பாய்க்குக் கொஞ்சம் அருகே போய்த்தான் அந்தக் கதவை அடைய வேண்டும். ஆபத்தை நோக்கி ஓடச் சொல்வது போல இருந்ததால் யாரும் நகரவில்லை. அமிர்தம்தான் முதலில் அடியெடுத்து வைத்தார். "சார் சொல்றாருல்ல, வாங்கடி" என்று பெண்களை இழுத்துக்கொண்டு ஓடினார். நடுவே ஒரு பெண் வழுக்கி விழ, அமிர்தம் குனிந்து அவளைத் தூக்கினார். அப்போது புடவையின் கீழ்ப்பாதி முழுக்க அந்த மருந்தில் நனைந்துவிட்டது.

ஒருவர் விடாமல் கொல்லைக்கு வந்து சேர்ந்துவிட்டோம். வாந்தி, கண்ணெரிச்சல், அவ்வளவுதான். கொல்லையில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. நனைந்தவர்கள் முதலில் குளியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மதில் ஓரமாகக் காவலாளி ஓடி வந்தார். ஆவி அடிக்கும் வாசலில் இருக்கவேண்டாம் என்று அவரையும் விலகச் சொல்லியிருந்தோம்.

"சார், ஆதிமூலம் வந்துருக்கான். வாசல்ல நின்னுகினு கேட்ட ஒடைக்கிறான்."

பஸ் ஒன்றின் கண்டக்டர், ஃபோம் கம்பெனி தீப்பிடித்துவிட்டது என்று ஊருக்குள் சொல்லியிருக்கிறார். அது அரிசிக் கடை வரைக்கும் போய்விட்டது. உப்பளத்திலிருந்து அந்த வெயிலில் சைக்கிளை மிதித்து வந்து, நேராக ஆவி வீசும் வாசலில் நின்று, அமிர்தம் அமிர்தம் என்று கூப்பிட்டிருக்கிறார்.

அவரை அங்கிருந்து இழுத்து, காற்றுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுவரச் சொன்னேன். காவலாளியும் லாரி டிரைவரும் தாங்கலாகக் கொண்டுவந்து கொல்லைக்கு வெளியே சாலையோரத்தில் உட்காரவைத்தார்கள். முன்னால் கையை ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினார். விசில் சத்தம்கூட இல்லை. அந்தச் சத்தமும் நின்றுவிட்டால் காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போகவில்லை. என் சட்டையிலும் அது இருந்தது. ஆபீஸ் கட்டடம் தள்ளி இருந்ததால் முசியே உடம்பில் மட்டும்தான் அந்த வாடை இல்லை. நான் தூரத்திலிருந்தே கத்த, அவர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, தானே ஆதிமூலத்தை முன் சீட்டில் ஏற்றினார்.

அப்போது அமிர்தம் பார்த்துவிட்டார். பம்புசெட்டிலிருந்து, இன்னும் தண்ணீர்கூடப் படாத அந்தப் புடவையோடு, காரை நோக்கி ஓடி வந்தார். நான் குறுக்கே போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"உடுங்க சார்."

"போவாதம்மா. உன் பொடவ பூரா அதுதான் இருக்குது."

"பின்னால ஒக்காந்துக்கறேன் சார். தொடமாட்டேன். கதவோரம் ஒக்காந்துக்கறேன்."

"மூடுன வண்டிம்மா. நீ உள்ள ஏறுனா அவரு ஆஸ்பத்திரி போய்ச் சேர மாட்டாரு."

என் மார்பில் கையை வைத்துத் தள்ளினார். நான் நகரவில்லை. கார் ஜன்னல் வழியாக ஆதிமூலம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச அவரிடம் மூச்சு இல்லை. ஆனாலும் ஒரு கையைத் தூக்கி அமிர்தத்தை நிறுத்தினார். "குளிச்சிட்டு வா" என்றார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. ஆனால் சொன்னது அதுதான். அமிர்தத்துக்கும் அது புரிந்தது. தள்ளுவதை விட்டுவிட்டார்.

கார் போனது. பெண்கள் அவரைப் பம்புசெட்டுக்குக் கூட்டிப்போய்த் தலையிலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றினார்கள். கொல்லைக்காரர் வீட்டிலிருந்து ஒரு புடவை வாங்கி வந்து கட்டிவிட்டார்கள். ஈரம் சொட்டச் சொட்ட, அந்த வழியே வந்த வண்டியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவர் போய்ச் சேர்ந்தபோது முசியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு அமிர்தம் எதையும் கேட்கவில்லையாம். வழியிலேயே, ரயில்வே கேட் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாவு வீட்டில் முசியே என்னைத் தனியே கூப்பிட்டார். "பட்டாளத்துல எங்களுக்கு மொதல்ல சொல்லிக் குடுத்ததே வெஷ கேஸு அடிச்சா என்னா செய்யணும்னுதான். முகமூடி இல்லாம வெளிய உட மாட்டாங்க. இங்க வந்து அதெல்லாம் எனக்கு ஏன் ஞாபகம் வரல?" என்றார். அதற்குப் பிறகு அவர் வேகமாக வேலை செய்தார். கூரையில் காற்றிழுக்கும் விசிறிகள், ஊற்றுகிறவர்களுக்குச் சரியான முகமூடி, புது ஃபோம் ஆறும்வரை வைக்கத் தனிக் கொட்டகை, குளிக்கும் அறைகள். இன்று உங்களுக்குத் தொல்லையாகத் தோன்றும் விதிகளில் பாதி, எங்களுக்கு அந்த ஆண்டில் வந்தவை.

அமிர்தம் திரும்பவும் வேலைக்கு வந்தார். வராமல் என்ன செய்வார்? பல வாரம் என்னிடம் பேசவில்லை. கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் வெட்டி முடித்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், நான் பக்கத்தில் போனபோது தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எப்பிடியும் போவப் போறவருதான்னா, அன்னைக்கி என்ன வண்டியில ஏத்தியிருக்கலாமா சார்?"

நான் எத்தனையோ தடவை எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. ஆமாம் என்று சொன்னால், கடைசி வழியில் பக்கத்தில் இருக்கவிடாமல் செய்துவிட்டேன் என்றாகும். இல்லை என்று சொன்னால் அது பொய்யாக இருக்கலாம்.

"தெரியலம்மா" என்றேன்.

அவர் அடுத்த சீட்டை எடுத்து வைத்தார். "எனக்கும் தெரியல சார்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

அந்த இடத்தில் மறுபடி நின்றாலும் நான் கையை விரித்துத்தான் நிற்பேன். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் செய்தது சரி என்பதால் மனசு ஆறிவிடும் என்று நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். இந்த வேலையில் அப்படிப்பட்ட முடிவுகள் உங்களுக்கும் வரும். வாரத்தில் ஒருநாள் மட்டும் நன்றாக மூச்சு விடுகிறேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், டாக்டர் என்ன சொல்லியிருந்தாலும், ஆர்டர் எவ்வளவு அவசரமாக இருந்தாலும், அன்றைக்கே அவரை வெளியே அனுப்புங்கள். அன்று வலிக்காமல் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான். பிறகு வருவதெல்லாம் வலியோடுதான் வரும்.

குளிக்கும் அறைகள் திறந்த அன்று, வேலை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள். வெந்நீர்கூட வைத்திருந்தார்கள். அமிர்தம் மட்டும் வேலைப் புடவையோடு வாசலைப் பார்த்து நடந்தார்.

"அமிர்தம், குளிக்கலியா?"

"யாருக்கு சார்?" என்றார். குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. உண்மையாகவே கேட்டார்.

உன் நெஞ்சுக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். விதி என்றும் சொல்லியிருக்கலாம். ஒருமுறை குறுக்கே நின்றவனுக்கு இன்னொரு முறை அவர் எதிரே போய் நிற்கக் கால் வரவில்லை. போகவிட்டேன். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்களில், அன்று வழுக்கி விழுந்து அமிர்தம் தூக்கிவிட்டாரே, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து அவரை நீதான் கையோடு உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் நான் வெளியே வந்தபோது அமிர்தம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். வேறு புடவை. தலைமுடி ஈரமாக முதுகில் விரிந்து கிடந்தது. வெயில் இன்னும் இருந்ததால் அதைக் கையால் கோதிக் கோதி உலர்த்திக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் ரெட்டியார்பாளையம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.